செல்வாவின் இரட்டை வால் விமானம்

என் அக்கா பெற்ற தங்கமே, செல்வா,

யாரும் நம்ப முடியாத கதை ஒன்றைச் சொல்லப் போகிறேன் என்று ஈரேழு உலகத்தையும் சாட்சிக்கு அழைத்து உறுதி கூறுகிறேன். படிக்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். குறுக்கே பேச நீதான் இல்லை. நீ போய் இன்றோடு இருபத்திரண்டு நாள்.

யாங்கோனில், அலோன் பேட்டையிலுள்ள நம் வீட்டு முன்னறையில் உன் தகர விமானம் இன்னும் தொங்குகிறது. துறைமுகப் பட்டறையில் வேலை முடிந்த மாலைகளில், எண்ணெய் டின்னை வெட்டி நீ செய்த பி-25. யுத்த காலத்தில் பர்மாவின் ரயில் பாலங்களைத் தேடித் தேடி உடைத்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம்; இரண்டு இன்ஜின், இரண்டு வால். முதலில் இறக்கையை நுனிவரை மேலே சாய்த்து வைத்துவிட்டாய். அப்புறம் ஒரு நாள் தலையில் அடித்துக்கொண்டாய்.

"மாமா, ஆரம்பத்துல செஞ்ச சிலதுதான் இப்படி. பறக்கும்போது ஆட்டம் போட்டுச்சாம். அப்புறம் வெளிப்பாதிய தட்டையாக்கிட்டானுங்க."

அவர்கள் செய்த திருத்தத்தை நீயும் இடுக்கியால் செய்தாய். மடித்த இடத்தில் தகரம் இன்னும் நெளிந்திருக்கிறது.

நான் சும்மா இருந்தேனா? அந்த விமானத்துக்குப் பிறவியில் ஒரே வால்தான் என்றேன். ரயில்வே கூலியான என் அப்பா, அதாவது உன் தாத்தா, மண்டலைக்கு வடக்கே ஒரு பாலத்தில் நின்றபடி விட்ட உதையில்தான் அது இரண்டாகப் பிளந்தது என்றேன். விழுந்த குண்டுகளை வேட்டியில் ஏந்தி ஆற்றில் கொட்டினார், விமானி இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டு டீ குடித்துவிட்டுப் போனான் என்றேன்.

"டீக்குச் சர்க்கரை எவ்ளோ மாமா?"

"மூணு கரண்டி. அமெரிக்காக்காரன்ல."

பதிலுக்கு நீ படித்ததைச் சொல்வாய். பாலங்கள் மேல் போட்ட குண்டெல்லாம் வீணாகிக்கொண்டிருந்ததாம். ஒரு நாள் மரத்தில் இடிக்காமலிருக்க ஒரு விமானி சட்டென்று மூக்கைத் தூக்க, அந்தத் தடுமாற்றத்தில் விட்ட குண்டுகள் பாலத்தைச் சாய்த்தனவாம். அந்தத் தற்செயலையே மற்றவர்களும் பழகிக்கொண்டார்களாம். சொல்லும்போது உன் கண் அப்படி மின்னும். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்ல?

ஆஸ்பத்திரியில் கேட்டாய். "விளையாட்ட விடுங்க மாமா. தாத்தா எப்படிச் செத்தாரு?"

"செத்தாரா? அதே விமானத்துல ஏறி அமெரிக்கா போயிட்டாரு."

நீ சிரித்தாய். இருமினாய். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். கோபமா அது? நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். எண்பத்திரண்டு வயதுக் கிழவனுக்கு நாளை இருக்கும், ஐம்பது வயதான உனக்கு இருக்காது என்று எனக்கு எப்படித் தெரியும்?

நேற்று உன் மகள் தாரா ஸ்டூல் போட்டு விமானத்தைத் துடைத்தாள். வீட்டில் பர்மியமே பேசுகிறவள், எனக்காகத் தமிழுக்கு மாறினாள்.

"தாத்தா, அப்பா ஆஸ்பத்திரில ஒண்ணு கேட்டாங்கல்ல. நீங்க சொல்லல."

"சொன்னேனே, அமெரிக்கான்னு."

"அது பதில் இல்ல. நீங்க போனப்புறம் அப்பா சொன்னாங்க, மாமாவுக்கே தெரியாது போல, பாவம், இனிமே கேக்க வேணாம்னு."

பாவம் என்றாயாம். நீ திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் செல்வா.

எனக்குத் தெரியும். எப்போதும் தெரியும். நீ உயிராய் நேசித்ததை உன்னிடமிருந்து பிடுங்க மனம் வரவில்லை. அதோடு, முகமே நினைவில்லாத அப்பாவுக்கு உதைக்க ஒரு காலாவது நான் கொடுக்க வேண்டாமா?

இந்தக் கடிதத்தை மூடியதும் தாராவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன். இனி அவள் கேட்கிற எதற்கும் நாளை என்று சொல்ல மாட்டேன். விமானத்தை வைத்துக்கொள்வதா, கழற்றுவதா என்பது அவள் விருப்பம்.

உதை பொய். டீ பொய். மன்னிப்பும் பொய், யாரும் வந்து கேட்கவில்லை. ஆனால் அப்பா பாலத்தில் நின்றது நிஜம். உடைந்ததைச் செப்பனிட ஜப்பான்காரர்கள் கொண்டுபோன கூலிகளில் அவரும் ஒருவர். வந்தது இரட்டை வால் விமானம். எனக்கு அப்போது ஒரு வயது. அவரோடு போய்த் திரும்பி வந்த ஒருவர் என் அம்மாவிடம் சொன்னது அவ்வளவுதான்.

காதுகுத்தில் உனக்கு மடி கொடுத்த
தாய்மாமன்,
அலோன், யாங்கோன்.