மறுத்திருக்க வேண்டிய கேள்வி

நண்பா,

இன்று காலை புக்கிட் கட்டில் வட்டாரக் கிளினிக்கில் எனக்கு இரத்தம் எடுத்தார்கள். ஸ்பிரிட் வாடை அடித்த பஞ்சை அழுத்திக்கொண்டு, மேசையில் கிடந்த நாளிதழைப் புரட்டினேன். உன் நோயைப் பற்றிய செய்தி இருந்தது. நரம்புகளின் உறையை அரிக்கும் அந்த நோய், கால் தடுமாறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இரத்தத்தில் தடயம் விடக்கூடுமாம். சேதமுற்ற நரம்பிலிருந்து கசியும் ஒரு புரதத்தை அளக்க முடிகிறதாம். இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள்.

மெர்டேக்காவுக்கு, நாட்டின் விடுதலைக்கு, முந்திய ஆண்டு, மலாக்காவில் ஒரே வழக்கறிஞரிடம் நாம் இருவரும் கிராணிகள், எழுத்து வேலை. லண்டனில் சட்டம் பயில, நம்மில் ஒருவருக்கு மட்டும் பரிந்துரைக் கடிதம் தருவதாக அவர் சொல்லியிருந்தார். அது உனக்குத்தான் என்பதில் எனக்கு ஐயம் இருந்ததில்லை. நீ பேசினால் கட்சிக்காரர்கள் சிரித்தார்கள், அழுதார்கள்; நான் பேசினால் கடிகாரத்தைப் பார்த்தார்கள். எனக்கு இருந்தது பொறாமை. வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஒரு நண்பகலில் கோப்புகளுடன் காஜா பெராங் சாலை வழியாக நடந்தோம். வெயில் ஏற ஏற உன் இடக்கால் தரையை உரசியது. ஒரு கண் மங்குகிறது என்றாய். கம்போங் செட்டி முனையில் பலகாரம் விற்ற பெண், பட்டப்பகலில் போதையா என்று மலாயில் கேலி செய்தாள்: “மாபோக்கா, தம்பி?”

“வெயில குடிச்சிட்டேன்னு சொல்லுடா அவங்ககிட்ட,” என்று சிரித்தாய். பிறகு குரலைத் தாழ்த்தினாய். “காலு என் பேச்சக் கேக்க மாட்டேங்குது. ரெண்டு நாள்ல சரியாயிடும் பாரு.”

சில நாட்களில் சரியாயிற்று. பிறகு மீண்டும் வந்தது. அப்படி வந்து வந்து போனதே உனக்கு எதிராக நின்றது. நோயென்றால் படுக்கவைத்திருக்கும், இது குடிதான் என்று அலுவலகத்தில் பேசினார்கள். வழக்கறிஞர் ஐயா என்னை உள்ளே அழைத்தார்.

“நீங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கீங்க. அவன் குடிக்கிறானா?”

“நான் பாத்ததில்லைங்க ஐயா. ஆனா, இல்லவே இல்லைன்னு உறுதியா சொல்ல முடியாதுங்க.”

என்னோடு உண்டாய், என்னோடு உறங்கினாய். நீ குடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். ஆயினும், ஒருவனை ஒவ்வொரு நிமிடமும் எவரால் பார்க்க இயலும் என்று எனக்குள் வாதாடிக்கொண்டேன். கடிதம் எனக்கு வந்தது.

நான் பாரிஸ்டராகத் திரும்பியபோது, உஜோங் பாசிரில் உன் அக்காள் வீட்டு வாசலில் கோலூன்றி நின்றாய். சிங்கப்பூர் டாக்டர் ஒருவர் நோய்க்குப் பெயர் சொல்லியிருந்தார்.

“பேரு கெடச்சிருச்சுடா, லோயரே! குடிக்காமலே தள்ளாடுன ஒரே ஆளு நான்தான்.” சிரிப்பு அடங்கியதும் கேட்டாய்: “ஐயா உன்கிட்ட கேட்டாராமே?”

“கேட்டாரு.”

“என்ன சொன்ன?”

“பாத்ததில்லைன்னு சொன்னேன்.”

“தெரியும்டா. எனக்காகப் பேசியிருப்ப.”

என் கையைப் பற்றினாய். அந்தப் பிடியில் வலுவில்லை. அப்போதும் பொறாமைப்பட்டேன். ஒருவரை அவ்வாறு நம்ப என்னால் இயன்றதே இல்லை.

செய்தியைப் படித்ததும், இனி வருவோரின் சொல்லுக்கு அவர்கள் இரத்தமே சான்றாகும் என்று மகிழ்ந்ததாக எழுத விருப்பம். எழுதமாட்டேன். அந்தச் சோதனை அன்றே இருந்திருந்தால் கடிதம் யாருக்குப் போயிருக்கும் என்பதே என் முதல் எண்ணம். தொண்ணூறைத் தாண்டியும், நீ மறைந்து இத்தனை காலமாகியும், உன்னோடு போட்டியிடுகிறேன்.

ஐயா இல்லை, நீயும் இல்லை. கேட்க எவருமில்லாத இப்போது சொல்கிறேன், அன்று சொல்லாமல் வைத்திருந்த விடை இது: நீ குடித்ததில்லை. ஒருநாளும் இல்லை. எனக்கு உறுதியாகத் தெரியும். அன்றும் தெரியும்.