டிக்கெட் எடுக்காத பதினேழாவது பயணி

இன்று காலை அடுப்பு பற்றவில்லை. லைட்டரை நான்கைந்து முறை அழுத்தினேன். டிக், டிக் என்று சத்தம் மட்டும் வந்தது, பொறி வரவில்லை. பாலை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். உங்கள் மீன்தொட்டிக்குள்ளிருந்து கேட்டதும் இதே சத்தம்தான்.

கடலை எட்டிப்பார்க்கவே ஒரு நாள் பயணம் போக வேண்டிய மைசூரில், குவெம்பு நகர் வீட்டு முன்னறையில், நீங்கள் ஒரு சின்னக் கடலை வைத்திருந்தீர்கள். நாற்பது வருடம் மருந்துக்கடை நடத்திய கை. உப்பை நிறுத்துக் கரைப்பதில் ஒரு சிட்டிகை பிசகாது. பெங்களூரில் யாரோ தம் தொட்டியைக் கலைத்தபோது கொடுத்த பவழப்பாறைக் கற்கள், ஈர நியூஸ்பேப்பரில் சுற்றி பஸ்ஸில் வந்து இறங்கின. கல் என்றுதான் பெயர். உள்ளே பொந்து பொந்தாகக் குடித்தனம். தண்ணீரில் வைத்த சில நாட்களில் ஒவ்வொன்றாக வெளியே தலை நீட்டும்.

"மேஷ்ட்ரே, டிக்கெட் எடுக்காம இன்னொருத்தன் ஏறியிருக்கானுங்க. வந்து பேரு வெக்கோணும்" என்று போன் செய்வீர்கள். மைசூருக்கு வந்து அரை நூற்றாண்டு ஆகியும், வாத்தியாருக்கு 'மேஷ்ட்ரு' என்ற கன்னடச் சொல் ஒன்றைத் தவிர, உங்கள் ஹனூர்க் கொங்குப் பேச்சு கரையவே இல்லை.

பேர் வைக்கும் சடங்கு எனக்குப் பிடித்திருந்தது. முதலில் காபி. பிறகு டார்ச். பிறகு உங்கள் நீளமான நோட்டு. எந்தக் கல், எந்தப் பொந்து, என்ன நிறம் என்று நீங்கள் எழுதி வைத்திருப்பீர்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'மேஷ்ட்ரு சொன்னது'. அந்தக் கட்டம் நிரம்பும்வரை உங்கள் மீன் வளர்ப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் படம்கூட அனுப்ப மாட்டீர்கள். பின்னல் அவிழ்ந்தது போலக் கைகளை நீட்டிய நட்சத்திர மீன், பாட்டில் கழுவும் பிரஷ் போல மயிர் சிலிர்த்த புழு, அரிசி அளவு நத்தை. பதினாறு உயிர்களுக்குப் பேர் வைத்தேன். அவற்றில் பாதியைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன் என்று நான் சொன்னதில்லை. உயிரியல் வாத்தியாராக முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்தவன், ஒரு மருந்துக்கடைக்காரர் எதிரில் 'தெரியவில்லை' என்று சொல்வதா?

பதினேழாவதற்கு முகம் இல்லை, சத்தம் மட்டும்தான். ஒரு மத்தியானம் கரண்ட் போய், தொட்டியின் மோட்டார் நின்று, வீடு அடங்கியபோது உங்களுக்குக் கேட்டது.

"ஆரோ வெரல்ல சொடக்குப் போட்டாப்பல இருக்குதுங்க. வூட்டுக்காரி போனதுக்கப்புறம் இந்த வூட்ல என்னையத் தவிர சத்தம் போட ஆளே இல்லீங்களே, கேக்க நல்லாத்தான் இருக்குது."

நான் வந்த அன்று மணலில் ஒரு நத்தை ஓடு உடைந்து கிடந்தது. உடைந்த ஓடு, டிக் என்ற சத்தம். இரண்டையும் சேர்த்து அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மேன்டிஸ் இறால். சுத்தியல் போன்ற கையால் ஓட்டை உடைத்துத் தின்னும், விட்டால் மீனையும் அடிக்கும், கண்ணாடியைக்கூட விரிசல் விட வைக்கும் என்று அடுக்கினேன்.

"குழுவுல ஒருத்தரு இது சொடக்கு இறாலா இருக்கும், சாதுப் பிராணின்னு சொல்றாருங்க. ஒரு வாரம் பொறுத்து மொகத்தப் பாத்துப்போடலாமுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "அவர் எத்தனை வருஷம் பாடம் எடுத்திருக்கார்?" என்று கேட்டேன்.

நீங்கள் சிரித்தீர்கள். "சரிங்க மேஷ்ட்ரே. நீங்க சொன்னாச் சரி."

பரிசோதனை வகுப்பில் பிள்ளைகளிடம் நான் ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. இலையைப் பார்க்காமல் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து இலை வரைந்தவனை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். அன்று என்னை எழுப்பி நிற்க வைக்க யாருமில்லை.

சத்தம் வந்த கல்லை எடுத்து, பின்கட்டில் ஒரு தட்டின் மேல் பிடித்துக்கொண்டு, பொந்துக்குள் சோடா ஊற்றினோம். ஒளிந்திருப்பது மூச்சுமுட்டி வெளியே வரும் என்பது என் யோசனை. நீங்கள் மூக்குக்கண்ணாடி எடுக்க உள்ளே போனீர்கள். அந்த நேரத்தில்தான் அது தட்டில் விழுந்தது.

ஒரு விரற்கடை நீளம். ஒரு கை மெலிந்தது, இன்னொரு கை உடம்புக்குப் பொருந்தாத பெரிய கொடுக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட வித்தியாசம் சொல்லிவிடும். குழுவிலிருந்த அந்த முகம் தெரியாதவர் சொன்னதே சரி. சொடக்கு இறால்.

இதுவரை செய்தது தவறு. இனிச் சொல்வதற்கு அந்தப் பெயர் போதாது. அது உயிரோடு இருந்தது. கால்கள் அசைந்தன. என் காலடியில் வாளி நிறைய உப்புத்தண்ணீர் இருந்தது. தட்டைச் சாய்த்திருந்தால் போதும், பிழைத்திருக்கலாம். உள்ளே உங்கள் செருப்புச் சத்தம் நெருங்கியது. நான் ஈர நியூஸ்பேப்பரை எடுத்து அதன் மேல் போட்டுக் கையால் அழுத்தினேன்.

"கெடச்சுதுங்களா?"

"கிடைச்சுது. நான் சொன்னதுதான்."

"ஒருக்கா பாக்கட்டுங்களா?"

"வேண்டாம், சிதைஞ்சு போச்சு."

நீங்கள் காகிதத்தைப் பார்த்தபடி ஒரு கணம் நின்றீர்கள். பிறகு உள்ளே போய் எழுதினீர்கள்: 'மேன்டிஸ் இறால். மேஷ்ட்ரு கண்டுபிடித்தது.' அன்று மாலை குழுவிலும் எழுதினீர்கள், எங்கள் மேஷ்ட்ரு இல்லாவிட்டால் தொட்டியே போயிருக்கும் என்று. எனக்கும் காட்டினீர்கள். நான் அதைப் படித்துவிட்டுக் காபியைக் குடித்தேன்.

இரண்டு வாரத்தில் இன்னொரு நத்தை உடைந்தது. வேறொரு கல்லில் ஒளிந்திருந்த நண்டுதான் திருடன் என்று நீங்களே பிடித்தீர்கள். அப்போதும் என் மேல் சந்தேகப்படவில்லை. "ரெண்டு களவாணிக இருந்திருக்கானுங்க பாருங்க" என்றீர்கள். அப்போது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் நண்டின் லத்தீன் பெயரைச் சொன்னேன். அதன் பிறகு கரண்ட் போகும் மத்தியானங்களில் தொட்டிப் பக்கம் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பீர்கள். "கொஞ்சம் வெறிச்சுன்னுதானுங்க இருக்குது" என்று ஒரே ஒரு முறை சொன்னீர்கள்.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. உங்கள் மகள் தொட்டியைக் குழுவிலிருந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள். நோட்டையும் அவருக்கே தரப்போவதாகச் சொல்லி, "ஒரு தடவை பாத்துக் கொடுங்க அங்கிள், தப்பு ஏதாவது இருந்தா திருத்திடுங்க" என்று என்னிடம் விட்டுப்போனாள். பதினாறு வரை தாளைத் திருப்பினேன். அதற்கு மேல் நான்கு நாள் திருப்பவில்லை.

நேற்று அவளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, வாளி, காகிதம், ஒன்றையும் விடவில்லை.

"அய்யோ அங்கிள், இதை அப்பாகிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றாள். "அந்த இறாலுக்காக ரெண்டு நாள் வருத்தப்பட்டிருப்பார். அப்புறம் ஒரு வருஷம் சிரிச்சிருப்பார். 'ஏனுங் மேஷ்ட்ரே, நீங்களுமா ஃபெயிலு'ன்னு பார்க்கிற எடத்துல எல்லாம் கேட்டிருப்பார்."

அவள் உங்கள் குரலிலேயே சொன்னாள். போனை வைத்துவிட்டு நோட்டில் பதினேழாவதற்குத் தாளைத் திருப்பினேன்.

பழைய எழுத்து தெரியும்படி ஒற்றைக் கோடு மட்டும் போட்டு அடித்து, கீழே எழுதினேன்: 'சொடக்கு இறால். உயிரோடு இருந்தது. பார்த்தேன்.' கையெழுத்தும் போட்டேன். நோட்டு இன்று அந்த நண்பருக்குப் போய்விட்டது.

உங்கள் கோபத்துக்குப் பயந்து ஏமாற்றியதாக இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நீங்கள் கோபப்படுகிறவரே இல்லை. நீங்கள் சிரிப்பீர்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உங்களுக்குச் சேர வேண்டிய அந்த ஒரு வருடச் சிரிப்பு என்னிடம் இருக்கிறது. இனி அதை யாரிடம் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.