ராஜா தலைத் தட்டு நம்முடையதுதான், நைனா

என் ஆசை நைனாவுக்கு,

தட்டு நம்முடையதுதான். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

நடுவில் ரூபாய் அளவுக்குப் பள்ளமும் அதற்குள் ஒரு ராஜா தலையுமாக இருக்குமே, அந்த வெண்கலத் தட்டுதான். "கூலிக்காரன் வூட்டுல வெண்கலம் ஏது? எங்க வூட்டுதுதான்" என்று மானாம்பதி பெரிய வீட்டுக்காரர் ஒரு வார்த்தை விட்டார். அன்றிலிருந்து ஊர் உன்னைத் 'தட்டுக்காரன்' என்று கேலி செய்தது. எங்கிருந்து வந்ததென்று சொல்ல உனக்கும் தெரியவில்லை. நீ தவழும்போதே உன் அப்பா போய்விட்டார். தட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தே காலத்தை ஓட்டினாய். உள்ளுக்குள் எவ்வளவு வெந்தாயோ?

உன் வருஷப் படையலுக்கு அதை வெளியே எடுத்தேன். தம்பி பதறினான்.

"அத உள்ள வையிக்கா. ஊரு வாய மூட முடியுமா?"

"நைனாவுக்கு இதுலதான் சோறு. இன்னா பண்ணிடுவாங்க?" என்றேன். உன் பொறுமை எனக்கு வரவில்லை, உனக்குத் தெரியாததா?

புளி போட்டுத் தேய்க்கும்போதுதான் கவனித்தேன். ராஜா தலைக்கு மேலே, பள்ளத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வளையம் பதிந்த தடம். கழுத்தில் கட்டுகிற காசுக்குத்தானே வளையம் வைப்பார்கள்? அது யார் கழுத்துக் காசு? நம் பழைய உறவில் மிச்சம் இருப்பது திருப்புலிவனத்தில் உன் அத்தை மகள் மங்கா அத்தைதான். தட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

"இன்னாடி, இது உங்கிட்டயா கீது?" என்ற மங்கா அத்தை, கழுத்துக் கயிற்றை வெளியே இழுத்தார். நுனியில் வளையம் வைத்த காசு.

"எங்க தாத்தா அறுப்புக் கூலி நெல்ல சேத்து வித்து, வெண்கலத்த உருக்கி தட்டு வாக்கச் சொன்னாராம். வாக்கறதுக்கு முன்னாடி இந்தக் காச மெழுகு அச்சுல அழுத்தி எடுத்தாங்களாம். புள்ள உங்க தாத்தாவுக்குத் தட்டு, பொண்ணு எங்கம்மாவுக்குக் காசு. எங்கம்மா சொல்லிக்கினே இருப்பாங்க, தட்ட நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்." அத்தை அழுதுவிட்டார். நானும்தான்.

படையலுக்கு அத்தையைக் கூட்டிவந்தேன். பெரிய வீட்டுக்காரரை நானே போய் அழைத்தேன். ஊர் பார்க்க அவர் கையில் காசைக் கொடுத்து, "நீங்களே வெச்சுப் பாருங்க" என்றேன். வளையம் தடத்தில் பொருந்த, காசு பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்தது. நகத்தால் நெம்பினார், வரவில்லை. தட்டைக் கவிழ்த்துத் தட்டிய பிறகே விழுந்தது.

"உங்க தட்டுதாம்மா" என்று முனகினார்.

"எனக்குக் கேட்டுச்சு. அவங்களுக்குக் கேக்கல" என்று கூட்டத்தைக் காட்டினேன்.

"இது இவங்க வூட்டு தட்டு. நான் சொன்னது தப்பு" என்று உரக்கச் சொன்னார். நைனா, என் கால் தரையில் நிற்கவில்லை. தம்பி உன் படத்தைப் பிடித்துக்கொண்டு தேம்பினான்.

உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பைத்தான் அதில் படைத்தேன். காக்காய்க்கு வைத்த பிறகு அதே தட்டில் மங்கா அத்தை சாப்பிட்டார்.

இனி அது பானைக்குப் பின்னால் போகாது. நம் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தத் தட்டில்தான் சோறு போடுவேன். யாருடையது என்று கேட்டால் உன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் குழம்பு ஊற்றுவேன்.

இப்படிக்கு,
தட்டுக்காரன் மகள்