சைபருக்குக் கீழே

ஓல்ட் ஃபெரி, பென்சில்வேனியா
ஜூலை 21, 2025

தம்பி ரே,

மரீசாவின் நிதியுதவி விண்ணப்பம் பாதியில் நிற்கிறது. இன்று காலை கல்லூரி அலுவலகத்தில் திருமதி ஓடெல் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். மாணவி நிரப்ப வேண்டிய பகுதி முடிந்திருக்கிறது. தகப்பன் நிரப்ப வேண்டிய பகுதியில் ஓர் எழுத்துகூட இல்லை. மே மாதமே உனக்கு மின்னஞ்சல் போயிருக்கிறது, நீ இன்னும் அந்த இணையதளத்துக்குள் போகவில்லை என்பதும் அங்கே தெரிகிறது.

உன் மகள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "அப்பா பாத்துக்கறேன்னு சொன்னாரே" என்று ஒரு தடவை சொன்னாள். வீடு வந்ததும் முதியோர் இல்லத்துச் சமையலறை வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

எக்ஸ்ரே படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்திருப்பது உனக்குத் தெரியும். ஆகஸ்ட் 15-க்குள் கட்டணம் வர வேண்டும், அல்லது உதவி வரப்போகிறது என்றாவது தெரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பெயரை எடுத்துவிட்டுக் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். மறுபடி சேர்க்கை அடுத்த வருஷம்தான்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். உள்ளே போய்ச் சம்மதம் கொடுக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. பத்து வாரமாகச் செய்யவில்லை. நான் போன் செய்தால் வைத்துவிடுகிறாய்.

இதைப் படித்தால் உனக்குக் கோபம் வரும். எனக்கு முன்னாடியே வந்துவிட்டது.

உன் அக்கா,
பெர்னி


டன்கன் ரன்
ஜூலை 26

அக்கா,

முடியாது.

போனை வைத்தேன்தான். பண விஷயத்தை நான் வாயால் பேசுவதில்லை. எழுதி அனுப்பு, எழுதிப் பதில் தருகிறேன். காரணம் உனக்குத் தெரியும், இருந்தாலும் மறந்துவிட்ட மாதிரி எழுதியிருக்கிறாயே, அதனால் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபது வயது. விமான மெக்கானிக் பள்ளிக்கூடத்திலிருந்து டை கட்டிய ஒருவன் வந்தான். நம் சமையலறையில் உட்கார்ந்து, அம்மா செய்த முட்டைக்கோஸ் சுருளை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "இதெல்லாம் சும்மா சம்பிரதாயம் தம்பி, இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு" என்று கையெழுத்து வாங்கினான். மார்ச் மாதம் போனால் பள்ளிக்கூடக் கதவில் பூட்டு. நான் ஒரு விமானத்தில் ஒரு போல்ட்டைக்கூடத் தொட்டதில்லை. கடனை மட்டும் பதினாலு வருஷம் கட்டினேன். கடைசித் தவணை மரீசாவின் அம்மா காலீன் ஹோட்டலில் வாங்கிய டிப்ஸ் காசு. அவள் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. அந்த ரசீது இன்னும் என் வண்டி ரிப்பேர் ஷாப்பில் ஆணியில் தொங்குகிறது.

அன்றைக்கே முடிவு பண்ணியாயிற்று. படிப்புக்கென்று எவன் எந்தத் தாளை நீட்டினாலும் ஹுடாக் என்ற நம் பெயர் அதில் இருக்காது.

அங்கே வேலைக்கு வந்ததிலிருந்து ஒன்றரை வருஷமாக அவள் சாப்பிடுவது உன் வீட்டில். நீயே நிரப்பு. முப்பது வருஷம் பத்திரிகைக்காகக் கவுன்சில் கூட்டத்தில் மற்றவன் சொன்னதை எழுதியவள்தானே, இதையும் எழுது.

ரே


ஓல்ட் ஃபெரி
ஜூலை 30

தம்பி ரே,

நான் நிரப்ப முடியாது. திருமதி ஓடெலிடம் உன் யோசனையைச் சொன்னேன். நீ முதல் ஆள் இல்லை போலிருக்கிறது, அவர் சிரிக்கக்கூட இல்லை. "அத்தை மூணு வேளை சோறு போட்டாலும் கணக்குல வரமாட்டாங்க. இருபத்து நாலு வயசு வரைக்கும் பெத்தவங்கதான்" என்றார். மரீசாவுக்குப் பத்தொன்பது. காலீன் இல்லை. மிச்சம் நீதான்.

நீ கேட்டபடி எழுத்தில் தருகிறேன். இதை ஆணியில் மாட்டிக்கொள்.

உன்னிடம் கேட்பது கடன் கையெழுத்து இல்லை. உன் வருமான வரிக் கணக்கை வரி அலுவலகம் நேராக விண்ணப்பத்துக்கு அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். ஆகட்டும் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நாளைக்கு உன் ஷாப்பையோ லாரியையோ எவனும் கேட்டு வரமாட்டான். அந்தக் கணக்கில் உள்ள ஒரு தொகைகூட மரீசாவின் கண்ணில் படாது. அவளுக்கு வர வேண்டியது உதவித்தொகை, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. நடுவில் படிப்பை விட்டால் மட்டும் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்பார்கள். அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். அவள் நடுவில் விடுகிற ஜாதி இல்லை என்பது உனக்கே தெரியும்.

டை கட்டியவன் உன்னை ஏமாற்றினான். அந்தச் சாயங்காலம் நானும் அதே சமையலறையில் இருந்தேன், எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. ஆனால் அவன் கணக்கை உன் மகள் தீர்க்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

உன் பதிலை நாலு தடவை படித்தேன். பயந்தவன் கேள்வி கேட்பான். நீ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வேறு ஏதோ இருக்கிறது. அதை எழுது.

பெர்னி


டன்கன் ரன்
ஆகஸ்ட் 3

அக்கா,

ஜனங்களைத் தோண்டித் தோண்டிக் கேட்டே வயிறு வளர்த்தாய். பத்திரிகை மூடினாலும் பழக்கம் மூடவில்லை.

எழுதுகிறேன். தீயணைப்பு நிலையத்து பிங்கோ ஆட்டத்தில் கஸ் பாவ்லிக் சொன்னான். அவன் பையன் இதே விண்ணப்பத்தைப் போட்டான். தகப்பன் கணக்கு உள்ளே போனதும் பையன் கைக்கு ஒரு எண் வந்தது. படிப்புக்குக் கட்டக் குடும்பத்துக்கு என்ன சக்தி இருக்கிறது என்று சொல்லும் எண்ணாம். சைபருக்குக் கீழே. மைனஸ். அவன் பையன் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சிரித்தானாம். கஸ்ஸும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்து எங்களிடம் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருஷம் கவுண்டி நிர்வாகம் என் ஒப்பந்தத்தை எடுத்துவிட்டது. விபத்து வண்டி இழுக்கிற வேலை இப்போது நெடுஞ்சாலைப் பக்கத்துப் பெரிய கம்பெனிக்கு. பாதி வருமானம் அதில்தான் இருந்தது. மரீசா ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். ஷாப் எப்படிப் போகிறது என்பாள். நிற்க நேரமில்லை என்பேன்.

தொகை தெரியாது என்கிறாய். எண் தெரியுமே. எங்கப்பன் சைபருக்குக் கீழே என்று என் மகள் திரையில் படிக்க வேண்டுமா? அவள் அம்மா செத்த வாரத்தில்கூட ஷாப்பைத் திறந்து வைத்தவன் நான்.

கடன் வேண்டுமென்றால் அவளே வாங்கிக்கொள்ளட்டும். வயது வந்துவிட்டது. என்னை விடுங்கள்.

இதில் ஒரு வரி அவளிடம் போனால் அத்தோடு நமக்குள் பேச்சு முடிந்தது.

ரே


ஓல்ட் ஃபெரி
ஆகஸ்ட் 6

தம்பி ரே,

நீ சம்மதம் தராவிட்டாலும் மரீசா தன் பெயரில் கடன் வாங்க ஒரு வழி உண்டு. நேற்று திருமதி ஓடெலிடமே கேட்டு உறுதி செய்தேன். உதவித்தொகை ஒரு காசுகூடக் கிடைக்காது. கடன் மட்டும்தான், அதுவும் பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடுகிற கடன்.

கடன் என்ற சொல்லுக்குப் பயந்து மூலையில் உட்கார்ந்தவன், சும்மா வருகிற பணத்தைத் தள்ளிவிட்டு மகள் தலையில் கடனைக் கட்டுகிறான். நம் குடும்பத்தில் முட்டாள்தனத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த அளவுக்கு நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. அந்த வழிக்கும் உன் கையெழுத்து வேண்டும். இத்துடன் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். முதல் தாளில் சம்மதம் கொடுப்பது எப்படி என்று படிப்படியாக எழுதியிருக்கிறது. இரண்டாவது கல்லூரி கொடுத்தது. "என் மகளுக்கு நான் எந்த ஆதரவும் அளிப்பதில்லை, இனியும் அளிக்கமாட்டேன்" என்று அதில் அச்சடித்திருக்கிறது. அதன் கீழே உன் பெயர், தேதி.

சும்மா இருந்து தப்பிக்க உனக்கு வழி இல்லை. இரண்டில் ஒன்றைச் செய்.

அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உனக்காக அவளிடம் மழுப்பிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது வராது, அவளுக்கும் அது தெரியும். நேற்று ராச்சாப்பாட்டில் அவளாகவே சொன்னாள்: "விடுங்க அத்தை. அவர்கிட்ட ஒரு தடவை கேட்டாச்சு. கெஞ்ச மாட்டேன்." அப்படியே உன் குரல்.

பெர்னி


டன்கன் ரன்
ஆகஸ்ட் 10

அக்கா,

இரண்டாவது தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். கடனை அவள் வாங்கிக்கொள்ளட்டும். இனி என்னைத் தொந்தரவு செய்யாதே.

அந்த ஒரு வரியை அடித்துவிட்டேன். அதை எழுதிய ஆபீஸ்காரன் எவன்? ஆதரவு அளிப்பதில்லையாம். அவள் ஓட்டுகிற காரில் நான் மாற்றாத பாகம் எது? குளிர்காலத்துக்கு டயர் யார் போட்டது? போன கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டு ஹீட்டர் நின்றபோது பனியில் ரெண்டு மணி நேரம் ஓட்டி வந்தவன் யார்? பணமாகக் கொடுக்க என்னிடம் இல்லை. அது வேறு. அளிக்கமாட்டேன் என்று எவனும் என் பெயரில் எழுத முடியாது.

ரே


ஓல்ட் ஃபெரி
ஆகஸ்ட் 13

தம்பி ரே,

அடித்த தாள் செல்லாது. நேற்று மத்தியானம் திருமதி ஓடெல் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அந்த வரிக்காகத்தான் இந்தத் தாளே. அதை அடிச்சா இது வெறும் காகிதம்" என்றார். ஒன்று மட்டும் செய்தார். உதவி நிலுவையில் என்று குறிப்பெழுதி, மரீசாவின் இடத்தை ஆகஸ்ட் 22 வெள்ளிக்கிழமை வரை பிடித்து வைத்திருக்கிறார். அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றார்.

இனி வரப்போவதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் இருக்கலாம். இருந்துகொள். நேற்று மரீசாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தாளை அவள் முன்னால் வைத்தேன்.

அவள் நீ போட்ட கோட்டை விரலால் தடவினாள். "எவ்வளவு அழுத்திப் போட்டிருக்காரு பாருங்க, தாளே கிழிஞ்சிருக்கு" என்றாள். அப்புறம் அந்த மைனஸ் எண்ணைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள். எனக்குக் கோபத்தில் வருகிற மாதிரி அவளுக்கும் கழுத்தெல்லாம் சிவக்கிறது, கவனித்திருக்கிறாயா?

"அத்தை, பதினொண்ணாங் கிளாஸ்லேர்ந்து ஷாப் போனை எடுத்தது யாருன்னு நினைச்சீங்க? அவரு லாரிக்கு அடியில கிடப்பாரு. பேங்க்காரன் என்கிட்டதான் கத்துவான். அப்பா ஊர்ல இல்லைன்னு எத்தனை தடவை பொய் சொல்லியிருக்கேன். இப்ப ஒரு எண்ணைப் பார்த்துத்தானா எனக்குத் தெரியணும்?"

கரண்டியை மறுபடி கையில் எடுத்து, "நிக்க நேரமில்லைன்னு அவர் சொல்றப்பல்லாம் பின்னாடி டி.வி. சத்தம் கேக்கும்" என்றாள். தட்டுகளைக் கழுவிவிட்டு அவள் வேலைக்குப் போனாள்.

அவளிடமிருந்து நீ மறைத்தது எதுவுமில்லை, ரே. அவள்தான் உன்னிடமிருந்து மறைத்தாள், தனக்குத் தெரியும் என்பதை. நீ கொண்ட ரோஷத்துக்கு மூன்று வருஷமாகக் காவல் இருந்தவள் அவள். அதற்குக் கூலியாக அவள் இடத்தைப் பறிக்கப் பார்க்கிறாய்.

முதல் தாள் உன்னிடமே இருக்கிறது. இது பற்றி நான் இனி எழுதமாட்டேன்.

பெர்னி


டன்கன் ரன்
ஆகஸ்ட் 16

அக்கா,

இன்று சம்மதம் கொடுத்துவிட்டேன். ஊர் நூலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு மணி நேரம். பத்து நிமிஷம் என்று எழுதினாயே, உன் பத்திரிகையில் வந்த செய்தியெல்லாம் இந்த லட்சணம்தானா? கடைசியில் உறுதிதானா என்று அது கேட்டது. நான் சத்தமாகச் சொன்ன பதிலுக்கு நூலகக்காரி என்னை வெளியே அனுப்பப் பார்த்தாள்.

உன் மேல் கோபம் போகவில்லை. சொல்லாதே என்றேன், சொன்னாய். அது கிடக்கட்டும் என்று விடமாட்டேன். கிறிஸ்துமஸ் வரை இருக்கும்.

பேங்க்காரன் அவளிடம் கத்தினான் என்பது எனக்குத் தெரியாது. அந்த வரியை நேற்று ராத்திரி படித்தேன். இன்று காலை ஷாப்பைத் திறக்கவில்லை. போனைச் சுவரிலிருந்து பிடுங்கி, காரில் போட்டுவிட்டு நூலகத்துக்குப் போனேன். அது இன்னும் பின்சீட்டில் கிடக்கிறது.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்று திரையில் வந்தது. எண் இன்னும் வரவில்லை. புதன்கிழமை, 20-ஆம் தேதிக்குள் வரும் என்று போட்டிருக்கிறது. ஓடெல் அம்மாளின் வெள்ளிக்கிழமைக்கு அது போதும். புதன் சாயங்காலமே வருகிறேன். அவள் காரின் முன்பக்க பிரேக் சத்தம் போடுகிறது என்று போன மாதமே சொன்னாள், அதையும் பார்க்க வேண்டும்.

நான் வரும்வரை அவள் அந்த எண்ணைத் திறந்து பார்க்க வேண்டாம் என்று சொல். கூட உட்கார்ந்து நானே படித்துச் சொல்கிறேன், மைனஸோடு சேர்த்து.

ரே