கடலைப் பார்த்த சுவரில் ஒரு வரி

என் கண்ணான மகளுக்கு,

அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். அதுவும் படி ஏறும்போதுதான் தொல்லை கொடுக்கிறது, சமதரையில் சாதுவாக இருக்கிறது. நீ அனுப்பிய களிம்பைத் தடவுகிறேன். வாசனை நன்றாக இருக்கிறது.

அதுதான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே "விடும்மா" என்கிறாய். இல்லாவிட்டால் "ஆள் ஏத்தணும், வைக்கிறேன்மா" என்கிறாய். கடிதத்தின் வாயை அப்படி அடைக்க முடியாது. பிடிக்காவிட்டால் மடித்து வைத்துவிட்டு நாளைக்குப் படி. ஆனால் முழுவதும் படி. போன வாரம் நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய் பார், சிக்னலில் வேனை நிறுத்தியிருந்தபோது கண் சொக்கிவிட்டது, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துத்தான் விழித்தேன் என்று. நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நேராக அங்கே போக எனக்கு வரவில்லை, சுற்றித்தான் வருவேன்.

வேலை இடத்துச் செய்தியை முதலில் சொல்கிறேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து என் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய நினைவிடம் இல்லை அது இப்போது. அப்போது நாலு தலைவர்களுக்கு நாலு கருங்கல் மேடை, நடுவில் அணையா விளக்கு, சுற்றிலும் புல், அப்பால் கடல், அவ்வளவுதான். இப்போது வாசலில் பெரிய வளைவு, பளிங்கு நடைபாதை, நின்று படம் எடுத்துக்கொள்ளத் தனி இடம். சனி ஞாயிறு வந்தால் கால் வைக்க இடமில்லை. அணையா விளக்கு மட்டும் மாறவில்லை. காற்று பலமாக அடித்தால் அணைந்துவிடுகிறது. காவலாளி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு லைட்டரால் பற்றவைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல் நகர்ந்துவிடுகிறார்.

என் வேலையும் மாறவில்லை. கேட் திறப்பதற்கு முன்னால் போய், ராத்திரி முழுக்கக் கடல்காற்றில் வந்து படிந்த உப்பை வெயில் ஏறுவதற்குள் நல்ல தண்ணீரால் துடைத்து எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் பித்தளை பச்சை பூத்துவிடும், ஒட்டி வைத்ததெல்லாம் அப்புறம் பசை விட்டுப்போய்க் கழன்று விழும். கைப்பிடிக் கம்பி, பூட்டு, குழாய், தலைவர்களின் பெயர் எழுத்து, எதுவானாலும் சரி. உப்புக்குத் தலைவர் தொண்டர் என்ற பேதமெல்லாம் கிடையாது. என் கூட்டாளி, ரேடியோ என்று எல்லாரும் கூப்பிடுவோமே, அவள் உன்னைக் கேட்டாள். அவள் வாய் இன்னும் ஓயவில்லை. துடைப்பத்தை வைத்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அங்கே உன் அப்பா யாரென்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மற்ற பழைய ஆட்கள் எல்லாம் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள். அப்பா போன பிறகு கட்சிக்காரர்கள் மனசு இறங்கி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தபோதே, "யார்கிட்டயும் சொல்லிக்காத, உனக்குத்தான் தொந்தரவு" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நானும் சொல்லவில்லை. வாழ்நாளில் பாதியை அப்படியே ஓட்டிவிட்டேன்.

இப்போது புதிதாக ஒரு சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பெரியவரின் மேடைக்குப் பின்னால், கடலைப் பார்த்து, நீளமாக. உன் அப்பா கார் ஓட்டினாரே, அதே பெரியவர். பிறந்தது, படித்தது, சிறைக்குப் போனது, பதவிக்கு வந்தது எல்லாவற்றையும் பித்தளை எழுத்துகளில் பதித்திருக்கிறார்கள். திறப்பு விழா முடிந்த மறுநாள் நான் இந்தக் கோடியிலிருந்து துடைத்துக்கொண்டே போனேன். நல்ல சுவர்தான், குற்றம் சொல்வதற்கில்லை. கடைசிப் பலகைக்கு வந்தேன். "ஓட்டுநரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்தில் நம்மைப் பிரிந்தார்" என்று இருந்தது.

துணி கையில் இருக்க, அப்படியே நின்றுவிட்டேன். ரேடியோ வந்து கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனேன்.

இத்தனை வருஷமாக எங்கேயும் அப்படி எழுதியிருக்கவில்லை. மேடையில் பிறந்த தேதி, இறந்த தேதி, அதோடு சரி. இப்போது வருகிறவர்கள் எல்லாம் அதைச் சத்தமாகப் படிக்கிறார்கள். ஒரு மனிதர் தன் பெண்ணுக்கு விளக்கம் சொன்னார், "எவனோ ஒரு தூங்குமூஞ்சி டிரைவர், பெரிய மனுசனைக் கொண்டுபோய்ச் சாகடிச்சுட்டான்" என்று. நான் அவர் காலடியில்தான் பெருக்கிக்கொண்டிருந்தேன். காலைத் தூக்கி வழி விட்டார், மரியாதையான மனிதர். எனக்கு உன் பள்ளிக்கூட நாட்கள் ஞாபகம் வந்தன. நீ ஒரு நாள் பையை வீசிவிட்டு, "தலைவரைக் கொன்னவன் பொண்ணுங்கறாங்கம்மா" என்று அழுதாய். இந்த ஊரே வேண்டாம் என்றுதான் நீ அவ்வளவு தூரம் போனாய் என்று எனக்குத் தெரியும். சம்பளத்துக்காகப் போனேன் என்று நீ சொன்னதை நான் நம்பியது போல் காட்டிக்கொண்டேன்.

மனசு கேட்காமல் அதிகாரியின் அறைக்குப் போனேன். புதிதாக வந்தவர், சின்ன வயசு, நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார். அந்த வரியை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். "விசாரணை அறிக்கையில என்ன இருக்கோ அதைத்தாம்மா போட்டிருக்கோம். உங்களுக்கென்னம்மா அதுல?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்த ஓட்டுநரின் பெண்டாட்டி நான் என்று சொல்ல வாய் வரை வந்தது. இத்தனை காலம் பூட்டி வைத்த வாய், அவ்வளவு சுலபமாகத் திறக்கவில்லை. ஒன்றுமில்லை சார், எழுத்து அதிகமாக இருந்தால் துடைக்கக் கஷ்டம் என்று ஏதோ உளறிவிட்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து நான் ஒன்று செய்தேன். சிரிக்காதே. சுவர் முழுக்க வழக்கம்போல் துடைப்பேன். அந்த ஒரு வரியை மட்டும் தொடமாட்டேன். அதற்கு மேல் வரி பளபளக்கும், கீழ் வரி பளபளக்கும், இது மட்டும் உப்போடு கிடக்கும். கடல் பார்த்துக்கொள்ளட்டும் என்று மாசக்கணக்கில் விட்டுவிட்டேன். ரேடியோ இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். ஊரெல்லாம் சொல்லப்போகிறாள் என்று பயந்தேன். அவள் பேச்சுமூச்சு காட்டவில்லை. என் விடுப்பு நாளுக்கு மறுநாள் போய்ப் பார்க்கிறேன், அவளும் அந்த வரியைத் துடைக்காமல் விட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. கழிப்பறையைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன்.

இதை எழுதி நிறுத்தி நாலைந்து நாள் ஆகிவிட்டது. நடுவில் எழுத முடியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது.

எழுத்துகள் விழ ஆரம்பித்தன. முதலில் ஒன்று, பிறகு பக்கத்திலேயே இரண்டு. பெருக்கும்போது மணலில் கிடந்தன. எடுத்துச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டேன். உள்ளங்கை அளவுகூட இல்லை, ஆனால் கனம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். சின்னப் பிள்ளைக்குச் சாக்லேட் கிடைத்த மாதிரி சந்தோஷம், உன் அம்மாவுக்கு, இந்த வயசில்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அதிகாரி சுற்றி வரும்போது பார்த்துவிட்டார். எல்லா வரியும் சரியாக இருக்க, இது மட்டும் எப்படி என்று என்னைக் கேட்டார். அந்த இடத்தில் காற்று நேராக அடிக்கிறது சார் என்றேன். நம்பினாரா இல்லையா தெரியவில்லை. விழுந்த எழுத்துகளைப் பார்த்தால் எடுத்து வைக்கச் சொன்னார். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். கொடுக்காமல் இருந்தால் புதிதாக வார்த்துக் கொண்டுவரத்தான் போகிறார்கள். பதிக்கிற ஆள் வந்தான். ஏதோ புதுப் பசையாம், கப்பலுக்குப் போடுகிறதாம், இனிமேல் உப்பே வந்தாலும் அசையாது என்று என்னிடமே பெருமையாகச் சொன்னான். சுவருக்குக் கீழே நின்று பசை டப்பாவை நான்தான் பிடித்துக்கொண்டேன். அவன் ஒவ்வொரு எழுத்தாக வாங்கி ஒட்டினான்.

இப்போது அந்த வரி மற்ற எல்லா வரிகளையும்விட உறுதியாக இருக்கிறது. நானும் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். எனக்கு அலுத்துவிட்டது கண்ணு. அதோடு மல்லுக்கட்ட என் கையில் இனி தெம்பில்லை.

ஆனால் தினமும் துடைக்கும்போது ஒன்று தோன்றுகிறது. முழு வரியையும் எடுக்க வேண்டாம். கவனக்குறைவு என்று போட்ட இடத்தில் களைப்பு என்று போட்டிருந்தால் எனக்குப் போதும். உனக்கு அப்போது விவரம் தெரியாது, அதனால் சொல்கிறேன். தேர்தல் நேரம். மூன்று ராத்திரியாக உன் அப்பா ஒருவர்தான் ஓட்டினார். மாற்று டிரைவரை வேறு யாருக்கோ ஓட்ட அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நேரம் ஓரமாக நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்று பெரியவரின் உதவியாளரிடம் கேட்டிருக்கிறார். "அடுத்த ஊர்ல கூட்டம் காத்துக்கிட்டு இருக்குப்பா, தலைவரை எழுப்பி நீயே சொல்லிடு" என்றாராம் அவர். பின்சீட்டில் பெரியவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப உன் அப்பாவுக்கு மனசு வரவில்லை. வழியில் ஒரு கடையிலிருந்து எனக்குப் போன் பண்ணி இதையெல்லாம் சொன்னார். "கண்ணு எரியுது. இன்னும் ஒரே ஒரு கூட்டம்தான். முடிச்சுட்டு வந்து ரெண்டு நாள் தூங்கப்போறேன், எழுப்பாத" என்றார். நானும் சரி என்றேன். போர்வையைத் துவைத்துக் காயப் போட்டேன்.

பெரியவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் எழுந்திருந்தால் கட்டாயம் நிறுத்தச் சொல்லியிருப்பார், அப்படிப்பட்ட மனிதர்தான். அவர் கல்லை இத்தனை வருஷம் மனசாரத்தான் துடைத்தேன். உன் அப்பாவுக்கென்று போய் நிற்க எனக்கு வேறு இடமும் இல்லை.

நீ பெரியவளான பிறகு ஒரு நாள், "அப்பா தூங்கிட்டாராம்மா?" என்று கேட்டாய். பேசாமல் சாப்பிடு என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. நான் என்னத்தைக் கண்டேன், அந்தக் காரில் நான் இல்லை. கடைசியாகக் கேட்ட அவர் குரல் மட்டும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சொல்லெல்லாம் கொஞ்சம் இழுத்து இழுத்து, வாக்கியம் முடியும் இடத்தில் குரல் கீழே போய்விட்டது.

போன வாரம் உன் குரல் அப்படித்தான் இருந்தது.

முதியோர் இல்லத்து வேனை ஓட்டப் போகிறேன் என்று நீ சொன்னபோதே எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா ரத்தம், வண்டி என்றால் உனக்கும் உயிர் என்று விட்டுவிட்டேன். பகலில் வேன், ராத்திரி கிடங்கில் பெட்டி கட்டும் வேலை. எப்போதுதான் தூங்குகிறாய் என்று கேட்டால் "இன்னும் ஒரே ஒரு வருஷம்தாம்மா" என்கிறாய். அந்த ஒரே ஒரு என்ற பேச்சை உன் அப்பா வாயிலும் கேட்டவள் நான். எனக்காகச் சேர்க்கிறாய் என்றால் வேண்டாம். வருஷக் கடைசியில் ஓய்வு கொடுத்துவிடுவார்கள், எனக்கு இருக்கிறதே போதும். என்னை அங்கே வரச் சொல்கிறாய். அதெல்லாம் அப்புறம். நீ ஒரு தடவை இங்கே வா. சுவரைப் பார்க்க வர வேண்டாம், கடற்கரைப் பக்கமே போக வேண்டாம். உள்ளறையில் ஜன்னலை அடைத்துவிட்டுப் படுத்துக்கொள். இரண்டு நாள், நாலு நாள், எத்தனை நாள் தூங்கினாலும் எழுப்பமாட்டேன். ரேடியோவைக்கூட வாசலோடு அனுப்பிவிடுகிறேன்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். அதற்கு அம்மா சொல்கிற இந்த ஒன்றை மட்டும் கேள். தூக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டு. எங்கே எவ்வளவு கூட்டம் காத்திருந்தாலும் சரி, பின்னால் எப்பேர்ப்பட்ட மனிதர் உட்கார்ந்திருந்தாலும் சரி, யாரும் எதுவும் சொல்லிவிட்டுப் போகட்டும். ஓரங்கட்டிவிட்டுத் தூங்கு, என் தங்கமே.

உன் வழியைப் பார்த்துக்கொண்டு,
அம்மா