அருகில் வசிப்பவர்

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்பளவில் நாங்கள் சுகம். உன் அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சின்னவளுக்குப் பல் விழுந்துவிட்டதா? போனில் கேட்க நினைத்தேன், நீதான் எடுக்கவில்லை.

புதன்கிழமை சர்ச் ஹாலில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. சர்ச்சுக்குப் பின்னால் உள்ள நிலத்தை எண்பது மனைகளாகப் பிரிப்பதற்கு, நீ தயாரித்த சுற்றுச்சூழல் ஆய்வு அறிக்கையை அதிகாரி வாசித்தார். அட்டையில் உன் பெயர். என் தம்பி எழுதியது என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாம் பக்கத்தில், "இந்நிலத்தில் மழைக்காலத்திலும் நீர் தேங்குவதில்லை என அருகில் வசிப்பவர் ஒருவர் உறுதிப்படுத்தினார்" என்று வாசித்தார். தையல்காரம்மா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஆய்வுக்கு வந்தப்ப உங்க வீட்டுலதானே மூணு நாள் தங்கியிருந்தாரு?" என்று கேட்டார்.

அந்த நிலத்தில், கல்லறைத் தோட்டத்துக்கு அப்பால் உள்ள பள்ளத்துக்கு உன்னை நான்தானே கூட்டிப்போனேன்? மழை விட்டு இரண்டு மாதம் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், நம் தெருக் கிணறுகளுக்கெல்லாம் ஊற்று அதுதான் என்றேன். நம் வீட்டுப் பின்சுவரில் ஏறியிருந்த தண்ணீர்க் கறையை நீ படம் எடுத்தாய். அந்த வெயிலிலும் உன் ஷூ சேற்றில் புதைந்தது. "கோடையிலயே இப்படின்னா, இங்க மண்ணு கொட்டினா தண்ணி உன் வீட்டுக்குள்ளதான் வரும்க்கா" என்று சொன்னது நீ. ஷூவைக் கழுவிக் காயவைத்தவள் நான்.

நான் எழுந்து, அருகில் வசிப்பவர் நான்தான், அப்படிச் சொல்லவில்லை என்றேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அறிக்கை எழுதினவரு பொய் எழுதியிருக்காருன்னு சொல்றீங்களாம்மா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். ஹாலே பார்த்தது.

வீட்டுக்கு வந்து உனக்கு நான்கு முறை போன் செய்தேன். மறுநாள் ஒரு வரி அனுப்பினாய்: "ஆபீஸ் விஷயம்க்கா, நீ தலையிடாதே." மேலே இருப்பவர்கள் மாற்றிவிட்டார்கள் என்று எழுதியிருந்தால்கூட நம்பியிருப்பேன். உனக்காக நானே அப்படி ஒரு காரணம் தேடி வைத்திருந்தேன். உன் அத்தான் நீ அனுப்பிய வரியைப் படித்துவிட்டு, பின்சுவரோரம் இருந்த அரிசி மூட்டைகளை மேலே தூக்கி அடுக்கத் தொடங்கினார்.

வீடு கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சர்ச்சின் கூரை ஒழுகுவதும், இந்த நிலத்தை விற்றுத்தான் அதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். மேட்டுப் பக்கம் கட்டட்டும், பள்ளத்தை விட்டுவிடட்டும். போதகரிடமும் இதையேதான் சொன்னேன். அறிக்கையில் எல்லாம் சரியாக இருக்கிறதே என்று அவர் உன் பக்கங்களைப் புரட்டிக் காட்டினார்.

எழுத்தில் ஆட்சேபம் தர இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. தெருவில் இருபத்தோரு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. அன்று அதிகாரி கேட்டதற்குப் பதிலையும் அதில் எழுதிவிட்டேன். ஆமாம் என்று.

வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். அதற்குமுன் நீயே அறிக்கையைத் திருத்தி அனுப்பினால், என் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவேன். எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. அனுப்பாவிட்டால் என்னைக் கோபித்துக்கொள்ளாதே. அதில் உன் பெயரை எழுதியிருக்கிறேன். நீ எனக்கு என்ன உறவு என்பதை எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை.

கடவுள் உன்னையும் உன் பிள்ளைகளையும் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

என்ன ஆனாலும்,
உன் அக்கா