பிரேக் நன்றாகத்தான் இருந்தது, தெய்வானை

என் தெய்வானைக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, மன்னித்துக்கொள். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை, பென்சிலையும் அதே அழுத்தத்தில்தான் பிடிக்கிறது. இதுவரை இரண்டு முனை உடைந்துவிட்டது. இதை எழுத மூன்று சாயங்காலம் ஆனது. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் நான் போட்டதுதான்.

ரேஷன் கடை மாடியில் நடக்கிற வகுப்பில் ஆறு மாதமாக உட்காருகிறேன். நாம் இருபது வருஷம் மூலைக் கடை, மூலைக் கடை என்று சொல்லி டீ குடித்தோமே, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, உனக்குத் தெரியுமா? லட்சுமி டீ ஸ்டால். இப்போது பஸ் வந்தால் எங்கே போகிறது என்று யாரையும் கேட்பதில்லை. கேட்காமல் ஏறும்போது எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது.

இந்தக் கடிதத்தை டீச்சர் வகுப்புச் சுவரில் ஒட்டப் போகிறாராம். ஏன் ஒட்ட வேண்டும், யார் யார் படிப்பார்கள் என்று இரண்டு முறை கேட்டேன். மற்றவர்களுக்குத் தெம்பு வரும் என்கிறார். இருக்கலாம். எதற்கும் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பிரேக் லாரி விஷயம்தான். நீ சாகிற வரைக்கும் நமக்குள் ஆறாமல் கிடந்தது அது ஒன்றுதானே.

பழைய முதலாளி வண்டியை விற்றுவிட்டு என்னை நிறுத்தினாரே, அங்கிருந்து தொடங்குகிறேன். தாம்பரத்தில் லாரிகள் நிற்கும் இடத்தில் காலையிலேயே போய் நிற்பேன். டிரைவர் தேவைப்படும் முதலாளிகள் அங்கேதான் வருவார்கள். லைசென்ஸைப் பார்ப்பார்கள், ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்வார்கள், நாளையிலிருந்து வா என்பார்கள். எனக்கு அது போதும். உனக்குப் போதாது. ஸ்டேஷன் வாசலில் பூ விற்றுக்கொண்டே, இந்த வண்டியை இதற்கு முன் யார் ஓட்டினார்கள், அவன் வீடு எங்கே என்று விசாரித்துவிடுவாய். ஒரு முழம் பூவை எடுத்துக்கொண்டு அவன் மனைவியைப் பார்க்கப் போய்விடுவாய்.

ஏன் அவனையே கேட்கக் கூடாது என்று ஒரு முறை கேட்டேன். நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “டிரைவர கேட்டா பெருமை பேசுவான்யா. அவன் பொண்டாட்டிய கேட்டாத்தான் ஏன் நின்னான்னு தெரியும்.”

ஸ்டாண்டில் என்னை ஓட்டாத ஆள் கிடையாது. பெண் பார்க்கப் போகிறாயா, வண்டி பார்க்கப் போகிறாயா என்பார்கள். “இன்னா கோதண்டம், ஜாதகம் பொருந்திச்சா? வூட்டம்மா ஓகே சொல்லிட்டாங்களா?” நான் சிரித்துவிட்டுப் போவேன். பல்லாவரத்தில் கல் உடைக்கிற கிரஷர் வண்டி வேண்டாம் என்றாய், தூங்கவே விட மாட்டார்கள் என்று. பெருங்களத்தூர் செங்கல் வண்டியும் வேண்டாம் என்றாய். இரண்டிலும் நீ சொன்னதுதான் சரி என்று பிறகு தெரிந்தது. அதனால் பொறுத்துக்கொண்டேன்.

மாடம்பாக்கத்து வண்டிதான் பொறுக்க முடியாமல் போனது. வயலை மனை போட்டு விற்ற பணத்தில் ஒருவர் வாங்கிய ஜல்லி லாரி. சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். கேம்ப் ரோட்டில் முழு லோடோடு ஓட்டிப் பார்த்தேன், மிதித்த இடத்தில் நின்றது. முதலாளி தங்கமாகப் பேசினார். வெள்ளிக்கிழமை வந்து ஒரு பேப்பரில் கையை வைத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொள் என்றார். அதை உன்னிடம் சொன்னேன். நீ பூவை எடுத்துக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் போனாய். முன்னால் அதை ஓட்டிய தேவராஜ் வீட்டுக்கு, அவன் மனைவி ஸ்டெல்லாவைப் பார்க்க.

திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாய். “அந்த வண்டி வேணாம்யா. பிரேக் சரியில்லையாம். தேவராஜ் ரெண்டு தபா செவுத்துல முட்டித்தான் நிறுத்தினானாம்.”

நான் மிதித்துப் பார்த்த பிரேக், தெய்வானை. என் காலுக்குத் தெரியாதா? நீ பொய் சொல்கிறாய் என்று அந்த நிமிஷமே தெரிந்தது. எதற்காக என்றுதான் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் லைசென்ஸைக் காணோம். பாய்க்கடியில் தேடினேன், பரண்மேல் தேடினேன். திங்கட்கிழமை என் சட்டைப் பையிலேயே இருந்தது, மல்லிகை வாசனையோடு. அதற்குள் வேறு ஒருவன் அந்த வண்டியில் ஏறிவிட்டான்.

அப்புறம் எட்டு மாதம் மூட்டை தூக்கினேன். அந்த லாரி தினமும் ஸ்டேஷன் பக்கம் போகும், சிக்னலில் அழகாக நிற்கும். நான் அதைப் பார்ப்பேன், பிறகு உன்னைப் பார்ப்பேன். நீ பூ கட்டிக்கொண்டே இருப்பாய். என்னைக் கண் பார்வையில் வைத்துக்கொள்ளத்தான் கெடுத்தாய் என்று நினைத்தேன். அந்த முதலாளி வீட்டோடு உனக்கு ஏதோ பழைய பகையோ என்றும் நினைத்தேன். வேறு வண்டி கிடைத்த பிறகும் சந்தேகம் போகவில்லை. சோற்றில் உப்பு குறைந்தால்கூட பிரேக் லாரியை இழுத்தேன். நீ ஒரு நாளாவது பதில் சொன்னாயா?

இப்போது கேள். என் வகுப்பில் பெண்கள் வரிசையில் ஸ்டெல்லா இருக்கிறாள். தேவராஜ் மனைவி என்று தெரிந்தும் இரண்டு மாதம் பேசவில்லை. உன் பொய்க்கு அவளும் கூட்டு என்று எனக்கு ஒரு எண்ணம். போன மாதம் எல்லாரும் சொந்தப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டுப் பழகினோம். அவளே திரும்பி என்னிடம் பேசினாள். தன் வீட்டுக்காரர் மாடம்பாக்கத்தில் வேலையை விட்டதே ஒரு கையெழுத்தால்தான் என்றாள். முதலாளி ஸ்டாம்ப் ஒட்டிய வெறும் தாளை நீட்டி, கீழே போடு என்றாராம். தேவராஜ் எட்டாவது படித்தவன். மேலே எழுதுங்கள், படித்துவிட்டுப் போடுகிறேன் என்றானாம். அன்றோடு அனுப்பிவிட்டார்களாம்.

பிரேக் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“பிரேக்கா? நான் பிரேக்கப் பத்திப் பேசவே இல்லியேண்ணா. இந்தத் தாளு கதையத்தான் சொன்னேன். படிக்கத் தெரியாதவங்க அதுல ரேகை வெச்சா இன்னா ஆவும்னு அண்ணி கேட்டாங்க. அப்பால அவரு எவ்ளோ கடன்னு வேணா எழுதிக்கலாம், அது தீராம வண்டிய வுட்டு எறங்கவே முடியாதுன்னேன். அண்ணி ஒடனே எழுந்துட்டாங்க. பூவக் குடுத்துட்டுப் போயிட்டாங்க.”

எனக்குப் பதிலாக அந்த வண்டியில் ஏறியவன் நாலு வருஷம் இறங்க முடியாமல் கிடந்தான் என்றும் சொன்னாள். அது நிஜமா, அவளாகச் சேர்த்ததா? நீ இருந்தால் அவன் வீட்டுக்கும் பூவோடு போயிருப்பாய்.

அன்று சாயங்காலம் வகுப்பு முடிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. ஸ்டாண்டில் ஒருவன் என்னைக் கைநாட்டு என்றதற்கு அவன் மண்டையில் டீ கிளாஸை உடைத்தேனே, நீதான் வந்து கெஞ்சி என்னை மீட்டுப் போனாய். என் ரோஷம் உனக்குத் தெரியும். எனக்குப் படிக்கத் தெரியாது, அதனால் வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தால் நான் வீம்புக்காகவே போய் ரேகை வைத்திருப்பேன். அதனால் பழியை வண்டிமேல் போட்டாய். பத்து வருஷத் திட்டையும் வாங்கிக்கொண்டாய். அதுதானே? வேறு காரணம் இல்லையே?

ஒரு சேதி. மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிக்கு டிரைவர் கேட்டார்கள். பக்கத்திலேயே ஓட்டம், என் வயசுக்கு ஏற்றது. போன திங்கட்கிழமை போனேன். உடனே வேலை கொடுத்துவிட்டார்கள். இந்தக் கிழவனுக்கு ஏன் இவ்வளவு சுலபமாக? பேப்பரை நீட்டினார் முதலாளி. “கையெழுத்தா பெரியவரே, ரேகையா?” என்றார். கையெழுத்துதான் சார் என்று வாங்கி, விரல் வைத்து வாய்விட்டுப் படித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மேலே இரண்டு வரி, கீழே நான் கையெழுத்துப் போடும் இடம், நடுவில் பக்கம் முழுக்க வெறுமை.

“நடுவுல எதுக்கு சார் இவ்ளோ எடம்?”

“அது சும்மா, வழக்கம்.”

அப்படியானால் அதில் ஒரு குறுக்குக் கோடு போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடட்டுமா என்றேன். அவர் பேப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். எனக்கு வேலை வேண்டும்தான். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. ஆனாலும் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. முன்னால் அந்த லாரியை ஓட்டியவன் வீடு கோவிலம்பாக்கத்தில் என்று விசாரித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு போகிறேன். அவன் மனைவி என்ன சொன்னாள் என்பதை வருகிற வாரம் உனக்கு எழுதிவிட்டுத்தான் மேடவாக்கம் போவேன். அவள் பிரேக்கைப் பற்றிச் சொன்னால் நானே மிதித்துப் பார்த்து என் காலை நம்புவேன். பேப்பரைப் பற்றிச் சொன்னால் உன்னை.

மேலே எழுதியதை முதலிலிருந்து ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் நான் சொன்னதுதான். கீழே மிச்சமுள்ள இடத்தில் கோடும் அடித்துவிட்டேன். சுவரில் ஒட்டிய பிறகு யாரும் எதையும் சேர்க்க முடியாது. இப்போது கையெழுத்துப் போடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்,
கோதண்டம்